சொந்தச் சாதனைகளை ஒப்படைக்கவும்

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. அதைவிட உயர்வான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, மாணவர்கள் வகுப்பில் கைபேசி வைத்திருப்பதைத் தடுக்க ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். தட்டச்சு செய்ய நேரமில்லை. தன் கைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அது கேட்டு எழுதியது. அவர் சொன்னது 'சொந்தச் சாதனங்களை'. அது எழுதியது 'சொந்தச் சாதனைகளை'. பள்ளியை நடத்தும் தாளாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் எல்லா வகுப்பிலும் அது வாசிக்கப்பட்டது:

"மாணவ மாணவியர் தங்கள் சொந்தச் சாதனைகளை வகுப்பு தொடங்கும் முன் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வகுப்பு நடக்கும்போது சாதனைகளைப் பயன்படுத்துவதோ பிறருக்குக் காட்டுவதோ கூடாது. மீறினால் பறிமுதல் செய்யப்படும். வீட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட்டால் மட்டுமே திருப்பித் தரப்படும்."

கைபேசியைத் தடை செய்யும் அறிவிப்பைக் கைபேசியிடமே எழுதச் சொன்னால் அது வேறு என்ன செய்யும்? தன் இனத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

2

உண்மையில் மேலே உள்ளது நான்காவது தொடக்கம். அதற்கு முன் மூன்று எழுதினேன்.

அ) மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளி மணி –

(நிறுத்திவிட்டேன். அன்று நல்ல வெயில். கதை எழுத உட்கார்ந்தால் கை தானாக மழையை வரவழைக்கிறது.)

ஆ) இன்றைய கல்விச் சூழலில், மாணவர்தம் தனிப்பட்ட மின்னணுச் சாதனங்களை நிர்வகிப்பது ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு மாபெரும் –

(பெருமக்கள் வந்ததும் எனக்கே கொட்டாவி வந்தது.)

இ) அவள் இருந்து இதைக் கேட்டிருந்தால், விழுந்து விழுந்து –

(இது அந்தக் கதை இல்லை.)

நான்காவதை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"டேய், முதல் வரியிலேயே பிழைன்னு சொல்லிட்டா எவன்டா படிப்பான்?"

"நீ படிச்சியே."

"நான் அக்கா. எனக்கு வேற வழி? சரி, கதையில பொண்ணு உண்டா?"

"ஒரு வரலாறு டீச்சர்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"யாருக்கு?"

"என் தலைக்கு. டீச்சருக்குடா!"

"கேக்கல."

"அதைக்கூடக் கேக்காம என்னத்தக் கதை எழுதற நீ?"

அக்கா வாசகர்களில் ஒரு வகை. கதைக்குள் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்றால் பத்திரிகை அடிக்கக் கிளம்பிவிடுவாள். நீங்களும் அந்த வகை என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிளம்ப வேண்டாம்.

3

நான் பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன். ஆசிரியன் இல்லை. வகுப்பில் திரையில் படம் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் ஒரு வயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவேன். படம் தெரியும். இதற்காகக் கல்லூரியில் படித்தேன்.

என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. கதைக்குத் தேவையான அளவு இது போதும். இதையும் சொல்லக் காரணம் ஒன்றுதான். அன்றிலிருந்து பள்ளியில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள். பி.டி. சார் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கத்தினால் அந்தக் கோடியில் ஓடுபவன் நிற்பான். அவரே என்னிடம் வந்து, "சார்... கொஞ்சம்... பிரிண்டர்..." என்பார். தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவது மாதிரி. நான் நுழைந்தால் ஆசிரியர் அறையில் சிரிப்பு பாதியில் நிற்கும். யாருடைய நகைச்சுவைக்கும் கடைசி வரி எனக்குக் கிடைத்ததில்லை.

இதில் விதிவிலக்கு ஒருவர். கி.பி.

அது மாணவர்கள் வைத்த பெயர். முன்பு வரலாறு எடுத்தவர் மிகவும் வயதானவர். அவர் கி.மு. அவர் ஓய்வு பெற்று இவர் வந்தார். பெயருக்கு யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

கி.பி. வந்தது எல்லாம் முடிந்த பிறகு. அவரிடம் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. அதனால் முதல் நாளே கணினி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்ன சார், நெட்டு செத்துப்போச்சா இல்ல நீங்களா?" என்று கேட்டார். அதுவரை அந்தச் சொல்லை என் முன்னால் யாரும் உச்சரித்ததில்லை. நான் வயரைப் பிடுங்கிச் சொருகினேன்.

என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து ஒருநாள், "வீட்ல நல்லாத்தான் கட்டிக் கொடுக்கறாங்க" என்றார். கட்டிக் கொடுத்தது அக்கா. "ஆமா" என்றேன். 'வீட்டில்' என்ற சொல் நம் மொழியில் சுவரையும் கூரையையும் குறிக்கும், மனைவியையும் குறிக்கும். நான் பொய் சொல்லவில்லை. மொழி சொன்னது.

இப்போது சிக்கல். கி.பி.யின் வேலை நிரந்தரமில்லை. அவருக்குக் கொடுத்திருப்பது ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு. கைபேசிக்குப் பேர்போன வகுப்பு. அங்கே பேரரசுகள் எழுந்து விழும்போது மேஜைக்கடியில் வேறு போர்கள் நடக்கும், துப்பாக்கிச் சத்தத்தோடு. புகார் தாளாளர் வரை போய்விட்டது. அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை அந்த வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். ஒரே ஒரு போன் சத்தம் கேட்டாலும் அடுத்த மாதம் வேறு டீச்சர்.

கி.பி. போய்விட்டால் என்னிடம் முழுக் குரலில் பேச அக்கா மட்டும்தான் மிச்சம். அவளும் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசுவாள். ஆகவே இந்தக் கதையில் நான் நடுநிலையான கதைசொல்லி இல்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

4

(இந்தப் பகுதி சுற்றறிக்கைக்கு ஒரு வாரம் முன்பு நடந்தது. காலவரிசை தவறியதற்கு மன்னிக்கவும். வரலாறு டீச்சருக்குத் தெரிந்தால் திட்டுவார்.)

தலைமையாசிரியைக்குப் பட்டப்பெயர் 'சைலன்ட் மோட்'. அவர் நுழைந்தால் எந்த அறையும் அடங்கிவிடும். சுற்றறிக்கைக்கு முன் அவர் எடுத்த முதல் நடவடிக்கை, வகுப்புக்கு ஒன்றாகத் துணித் தொங்கல்கள் வாங்கியது. வரிசையாகச் சிறு பைகள் தைத்தது. சுவரில் மாட்டினால் ஒவ்வொரு பையிலும் ஒரு கைபேசி. கடைக்காரர் அதைச் செருப்பு வைக்கத்தான் விற்கிறார். அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது நடவடிக்கை நான். 'வகுப்பறைக் கைபேசிகள் தொடர்பாக ஆசிரியர்களுக்கு உதவுபவர்' என்று ஒரு கூடுதல் பதவி. ஆசிரியர் அறையில் பயிற்சி நடத்தச் சொன்னார். நான் தொங்கலை மாட்டிவிட்டு, "முதல்ல நாமளே செஞ்சு பாத்துடலாம். எல்லாரும் உங்க போனைப் போடுங்க" என்றேன்.

அறையில் யாரோ இறந்துவிட்ட மாதிரி அமைதி.

"சார்..." பி.டி. சார், அதே தணிந்த குரலில், "எனக்கு பேங்க்ல இருந்து ஓடிபி வரும்."

"எப்ப சார்?"

"எப்ப வேணாலும் வரலாம் சார். அதான அதோட கொடுமை."

கணக்கு டீச்சருக்கு கேஸ் சிலிண்டர் வரவேண்டியிருந்தது. அறிவியல் சாருடைய அம்மாவுக்கு அவர் குரல் கேட்கவில்லையென்றால் படபடப்பு வரும். மொழி ஆசிரியர், தன் கையில் இருப்பது கைபேசி இல்லை, அகராதி என்றார். கடைசியில் பைகளில் சேர்ந்தவை: ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு சாவிக்கொத்து, கி.பி.யின் கைபேசி.

"போட்டாச்சு" என்றார் கி.பி. "இப்ப என்ன பண்ணணும்?"

"அதை மறந்துட்டு வேலையப் பாக்கணும்."

"மறந்துட்டா சாயங்காலம் எடுக்காம போயிடுவேனே சார். அதுக்கு யாரு பொறுப்பு?"

பயிற்சி அத்துடன் முடிந்தது. ஆசிரியர்கள் கலைந்தார்கள், ஒவ்வொருவரும் கீழே பார்த்தபடி.

மாணவர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். ஒன்பது 'ஆ'வில் மறுநாள் எல்லாப் பைகளும் நிரம்பியிருந்தன. கி.பி.க்கே கண் கலங்கிவிட்டதாம். பிறகு எடுத்துப் பார்த்தால்: செத்துப்போன பழைய கைபேசிகள், கால்குலேட்டர், உறை போட்ட சோப்பு, வீட்டு டிவி ரிமோட். ரிமோட் வைத்தவனின் தாத்தா மதியம் பள்ளிக்கு வந்து சண்டை போட்டார். செய்தி பார்க்க முடியவில்லையாம்.

5

இப்போது சுற்றறிக்கை.

வாசித்த மறுநாள் காலை ஒன்பது 'ஆ'வில் திரை தெரியவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். கி.பி.யின் மேஜை தெரியவில்லை.

கோப்பைகள். பதக்கங்கள். சட்டம் போட்ட சான்றிதழ்கள். நீச்சலில் இரண்டாம் இடம், மாறுவேடத்தில் ஆறுதல் பரிசு. தொடர் ஓட்டக் கோப்பையை நாலு பேர் சேர்ந்து ஜெயித்திருந்ததால் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்கான சான்றிதழ் ஒன்று. அதைத் தம்பி கொண்டுவந்து கொடுத்தான். அண்ணன் அன்று லீவு.

"என்னடா இது கூத்து?" என்றார் கி.பி.

ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அவள் பெயர் லாயர். "மிஸ், சர்க்குலர்ல சொந்தச் சாதனைய ஒப்படைக்கணும்னு இருக்கு. ஒப்படைச்சிட்டோம்."

"போனு?"

"போனைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லியே மிஸ். நாங்க ரெண்டு தடவ படிச்சிட்டோம்."

கி.பி. சுற்றறிக்கையை வாங்கிப் படித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஓர் ஒற்றும் ஓர் ஐகாரமும் அவருடைய வேலையைத் தின்றுகொண்டிருந்தன. தலைமையாசிரியையிடம் போய்த் திருத்தித் தரச் சொல்லலாம். தாளாளர் கையெழுத்துக்கு ஒரு வாரம். வெள்ளி வந்துவிடும்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "மிஸ், எனக்கு சாதனைன்னு எதுவும் இல்ல. என்ன பண்றது?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

[இந்த இடத்தில் கி.பி. அவன் அருகில் போய்த் தோளைத் தொட்டு, "ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு..." என்று ஆரம்பித்ததாக ஒரு வரைவில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அப்படிப் பேசினால் வகுப்பே மயங்கி விழும்.]

அவர் கேட்டது: "நேத்து என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல மிஸ்."

"நாள் பூரா?"

"நாள் பூரா."

"ஒண்ணுமே பண்ணாமயா? என்னால அஞ்சு நிமிஷம் முடியாதேடா. எப்படி செஞ்ச? சாட்சி இருக்கா?"

அவன் யோசித்தான். "எங்கம்மா இருக்காங்க. நாள் முழுக்கத் திட்டிக்கிட்டே இருந்தாங்க."

"அம்மா உனக்கு எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி சாட்சி சொன்னா ரொம்ப பலம். சரி, ஏத்துக்கிட்டேன்."

அங்கிருந்து பாடம் எங்கேயோ போனது. ஓர் அரசன் நான்தான் ஏழு நாடுகளை வென்றேன் என்று கல்லில் வெட்டி வைத்தால் நம்பலாமா? கல்வெட்டை வெட்டச் சொன்னது யார்? தோற்ற நாட்டிலும் அதையே எழுதியிருந்தால்? நாணயம் சாட்சியா? கி.பி. கேட்கக் கேட்கக் கைகள் உயர்ந்தன. எல்லோருக்கும் சாதனை முளைத்துவிட்டது. ஒருவன் தன் தங்கையை ஒரு மாதமாக அடிக்கவில்லை. ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு தேசிய கீதத்தைப் பாதிவரை பாடுவாள். தங்கையை அடிக்காதவன் ஆதாரமாகக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்ட எழுந்தான்.

"உக்காரு. போட்டோ செல்லாது" என்றார் கி.பி. "ராஜாகிட்ட போன் இருந்துச்சா? வாயால நிரூபி. பேசணும்னா போன் பைக்குள்ள போகணும். போன் கையில இருக்கறவன் பேச முடியாது."

பேசாமல் இருப்பது ஒன்பது 'ஆ'வால் முடியாத காரியம். துணித் தொங்கல் நிரம்பியது. இந்த முறை சோப்பு இல்லை.

நான் பழுது பார்த்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன். மணி அடித்த பிறகும் யாரும் பையின் பக்கம் போகவில்லை. சண்டை முடியவில்லை.

6

அக்கா படித்துவிட்டு, "அந்த லாயர் பொண்ணு நிஜமாவே இருக்கா, இல்ல நீ விடற புருடாவா?" என்றாள்.

நியாயமான சந்தேகம். ஒன்பதாம் வகுப்புப் பெண் இவ்வளவு கச்சிதமாகப் பேசுவாளா? அவளைச் சற்று மங்கலாக்கிப் பார்த்தேன். திக்க வைத்தேன். பேனாவைக் கடிக்க வைத்தேன். எழுதிய காகிதத்திலிருந்தே எழுந்து நின்று, "சார், நான் எப்ப பேனா கடிச்சேன்? ஆதாரம்?" என்றாள். விட்டுவிட்டேன். அவள் அப்படியே இருக்கட்டும்.

"சரி, டீச்சருக்குக் கல்யாணம்..."

"அக்கா, வெள்ளிக்கிழமை பகுதி எழுதணும். வெச்சிடறேன்."

7

வெள்ளி. காலை வருவதாகச் சொன்ன தாளாளரின் கார் வழியில் நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். ஒன்பது 'ஆ'வின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி இடித்தது. திரைக்குப் பொறுப்பாக அவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை வாசலில் நின்றார்.

கைபேசிகள் எல்லாம் பைக்குள். நிஜக் கைபேசிகள். கி.பி. ஒரு முற்றுகையை நடத்திக்கொண்டிருந்தார். கோட்டைக்குள் இருந்தவர்கள் ஒரு பாதி வகுப்பு, வெளியே இருந்தவர்கள் மறுபாதி. தாளாளர் சிரிக்கவில்லை. ஆனால் கோட்டை விழப்போகும் கட்டத்தில் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். தாளாளரின் கைபேசியே அடிக்கும். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். அவர் அசடு வழிவார். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். நன்றாக வந்தது. ஆனால் அவர் கைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். உஷாரான ஆள்.

அடித்தது என் சட்டைப் பையில்.*

"ஏய் மறதி மண்டை! மோட்டாரை ஆஃப் பண்ணு! தண்ணி வழிஞ்சு ரோடு வரைக்கும் போகுது!"

* இரண்டு கைபேசி வைத்திருக்கிறேன். ஒன்று அவளுடையது. மோட்டார் நேரத்துக்கு அவள் தன் குரலையே பதிந்து வைத்த அலாரம் அது. மணிச் சத்தம் எதற்கும் மசியமாட்டாள், தன் திட்டுக்கு மட்டும் அடங்குவாள். மதியம் நான் கணினி அறையில் தனியாக இருப்பேன். அடிக்கும். நிறுத்துவேன். அன்று மதியம் வகுப்பில் இருந்தேன். கதை எழுதத் தெரிந்தவர்கள் இதை இரண்டாம் பகுதியிலேயே ஜாடையாகச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை.

முற்றுகை நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. வாசலில் தலைமையாசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டார். பள்ளி ஆண்டு விழாக்களில் அவளோடு மணிக்கணக்காகப் பேசியவர். குரல் தெரியும்.

கி.பி. வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார்.

"யாரு சார்?"

"வீட்ல" என்றேன்.

"ஏய் மறதி மண்டை! மோட்டாரை ஆஃப் பண்ணு!"

"நல்லாத்தான் கேக்குது" என்றார் கி.பி. வகுப்பு வெடித்தது. "குடுங்க."

"இல்ல மிஸ், இது..."

"சார், பசங்க பாக்கறாங்க. அவங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒண்ணா?"

மூன்றாவது முறை தண்ணீர் ரோடு வரைக்கும் போனபோது நிறுத்திவிட்டுக் கொடுத்தேன். கடைசிப் பையில் போட்டார். "வீட்ல நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. நானும் அவங்களப் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் தாளாளர் என்னைப் பார்த்த பார்வையில், என்னை மருத்துவரிடம் அழைத்துப் போகலாமா என்ற கேள்வி இருந்தது. அவர் அவளுடைய இறுதி ஊர்வலத்துக்கு மாலையோடு வந்தவர்.

கி.பி. திரும்பிப் போய்க் கோட்டையை வீழ்த்தினார்.

8

மணி அடித்ததும் வராந்தா. தாளாளர், தலைமையாசிரியை, நான்.

"சொன்ன சொல் சொன்னதுதான்" என்றார் தாளாளர். "ஒரு சத்தம் கேட்டாலும்னு சொல்லியிருந்தேன். கேட்டுடுச்சு."

"அது பசங்க போன் இல்லியே சார்" என்றேன்.

"யார் போனா என்ன தம்பி?" என்னைப் பார்த்ததும் அவர் குரல் பாதியாக இறங்கியது. "அதோட அந்தப் பொண்ணு உங்ககிட்ட... அந்த மாதிரி... ஒரு விவஸ்தை வேண்டாம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வீங்க."

அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள். லாயர். கையில் சுற்றறிக்கை.

"சார், ஒரு சின்ன டவுட். எங்க மிஸ் எந்த ரூலை மீறினாங்க?"

"வகுப்புல போன் கூடாதுன்னு ரூல் இருக்கேம்மா."

"எங்க சார்?"

காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"சாதனைகளைப் பயன்படுத்தக் கூடாது" என்று வாய்விட்டு வாசித்தார். "பிறருக்குக் காட்டக் கூடாது. இது என்னது? இந்தக் கண்றாவில கையெழுத்துப் போட்டது எவன்?"

"கீழ இருக்கு சார்" என்றாள் லாயர் பணிவாக.

கீழே பார்த்தார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்தார். சைலன்ட் மோட், பெயருக்கு ஏற்ப, சைலன்டாக இருந்தார்.

தவறு என்று ஒப்புக்கொண்டால், படிக்காமல் கையெழுத்துப் போட்டது ஊருக்குத் தெரியும். சரி என்று சாதித்தால், அந்தப் பள்ளியில் கைபேசிக்கு எதிராக விதியே கிடையாது. தாளாளர் காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"டீச்சர் இருக்கட்டும்" என்றார். "நல்லாத்தான் நடத்தறாங்க. நிரந்தரமே பண்ணிடுங்க. முதல்ல இந்தப் பேப்பரை எல்லாக் கிளாஸ்லேர்ந்தும் எடுங்க. இன்னைக்கே எடுங்க."

அவர் போன பிறகு தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த டீச்சர் பொண்ணுக்கு விஷயம் தெரியாதுப்பா. வேணும்னு பேசல. நான் போய்ச் சொல்லிடறேன். மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்."

"வேண்டாம் மேடம்."

"போனையாவது வாங்கித் தர்றேன்."

"வேண்டாம். நானே பேசிக்கறேன்."

9

முடிவுகள். கேட்டுக்கொண்டவர்கள் பெயரோடு தருகிறேன்.

அக்காவின் முடிவு: வரலாறு டீச்சருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மேலே எழுத அவளே வந்துவிடுவாள். (விசாரித்துவிட்டேன். கி.பி.க்குக் கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார். மூவரையும் நான்காமவரையும் அதே குரலில்தான் திட்டுகிறார். "அடச்சே" என்றாள் அக்கா. "இருந்தாலும் நீ முன்னாடியே கேட்டிருக்கலாம்.")

தலைமையாசிரியையின் முடிவு: கி.பி.யிடம் உண்மை சொல்லப்படுகிறது. அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறார். மறுநாளிலிருந்து கணினி அறைக் கதவை மெல்லத் தட்டுகிறார்.

[இதை மூன்று முறை எழுதினேன். நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று முறையும் அந்தக் கதவு தட்டும் சத்தத்தில் –]

பி.டி. சாரின் முடிவு: கடைசியில் ஒரு ஓடிபி வர வேண்டும். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

நடந்தது வரை மட்டும் எழுதிவிடுகிறேன்.

10

ஆசிரியர் அறையில் கி.பி. மட்டும் இருந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவளுடைய கைபேசி.

"வேலை நிரந்தரமாமே" என்றேன்.

"ஆமா சார்! எப்படின்னே தெரியல. உங்க போன் அடிச்சப்ப முடிஞ்சுதுன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய் என்ன சொல்றதுன்னுகூட யோசிச்சு வெச்சிட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "என்ன, தனியா வந்திருக்கீங்க? தனியா வந்தா போன் கிடையாது. ரூல்."

"தெரியும்."

"மோட்டாரையாவது ஆஃப் பண்ணியாச்சா? ஆனா அந்தத் திட்டு இருக்கே, எங்க வீட்லகூட நான் அவ்வளவு திட்டினதில்ல. பாவம் சார் நீங்க."

"அது எனக்கில்ல. அவளுக்கே. தனக்குத் தானே வெச்சுக்கிட்ட அலாரம்."

"அட!" பேனாவைக் கீழே வைத்தார். "யாரு சார் இவங்க, எனக்கே பாக்கணும்போல இருக்கே. ஆள் எப்படி? சொல்லுங்க."

நான் உட்கார்ந்தேன்.

தமிழில் ஒரு வசதி உண்டு. வினைச்சொல்லே இல்லாமல் ஒரு வாக்கியம் முழுமையாகும். 'என் மனைவி கோபக்காரி.' இதில் காலம் கிடையாது. இறந்த காலமும் இல்லை, நிகழ்காலமும் இல்லை. இதை நான் பள்ளியில் படித்தது தேர்வுக்காக. எதற்குப் பயன்படும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

"கோபம்னா கோபம்" என்றேன். "மூக்கு நுனியில."

"சரிதான்."

"உயரம் என் தோள் வரைக்கும். குரல் மட்டும் ரெண்டு ஆள் உயரம். கணக்குல புலி. பாட்டுல எலி. ஆனா அந்த எலிக்கு மேடை ஆசை."

கி.பி. சிரித்தார்.

"கையெழுத்து கோழிக் கிறுக்கல். மளிகைச் சீட்டு அவளுக்கே புரியாத அதிசயம். கடைக்காரருக்கு மட்டும் அத்துப்படி. குடைன்னா அவளுக்கு அலர்ஜி. எங்க போனாலும் ஈரத் தலை, என் துண்டு."

"ஐயோ, எங்க வீட்டுக்காரர் மாதிரியே. அவருக்கும் குடைன்னா ஆகாது. அப்புறம்?"

அப்புறம் நிறைய இருந்தது. அவளுடைய செருப்புச் சத்தம். பேருந்தில் எப்போதும் ஜன்னல் சீட். தோற்றுப்போகும் அணிக்கு ஆதரவு. தெரியாதவர்களுக்கும் வழி சொல்லும் தாராளம், வழி மட்டும் தப்பு. ஒரு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, வினைச்சொல்லைக் கழித்து, மேஜையில் வைத்தேன். கி.பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு தடவை நான் சொல்லி முடிக்கும் முன்பே கடைசி வரியை அவரே சொல்லிவிட்டார். சரியாக இருந்தது.

வெளியே மைதானத்தில் பி.டி. சார் யாரையோ நிறுத்திக்கொண்டிருந்தார்.

கி.பி. கண்களைத் துடைத்துக்கொண்டார். கைபேசியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பாதியில் நிறுத்தி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சும்மா குடுக்க மாட்டேன். நேர்ல பாத்தே ஆகணும். இப்ப என்ன பண்றாங்க?"

வரலாறு படித்தவர். காலமே இல்லாத வாக்கியங்களை எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பார்?

எழுவாய் வரை எழுதிவிட்டேன். நம் மொழியில் முடிக்கும் சொல் கடைசியில்தான் வரும். அதுவரை கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்தச் சொல் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் போடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எதைச் சொன்னாலும் சத்தமாகச் சொல்லுங்கள்.

"என் மனைவி இப்போ